ஐந்தாம் கோட்டில் டீச்சரின் குரல்

நகரத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஜவுளிக்கடைக்காரர் தன் சர்க்கரை அளவைப் பேனராக அடித்துக் கடைத்தெருவில் கட்டிவிட்டார். சும்மா சின்னப் பேனர் இல்லை, இரண்டு மாடி உயரம். இடது பக்கம் சிரித்த முகம். வலது பக்கம் சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, இரண்டு கண்ணின் பார்வை, எல்லாம் கொட்டை எழுத்தில். அடியில் எதிர் வேட்பாளருக்கு ஒரு சவால்: "என் உடம்பு திறந்த புத்தகம். டீச்சர் திறப்பாரா?"

அன்று காலை கடைத்தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பல்பு வாங்க வந்த ஒருவர் பேனரை அண்ணாந்து பார்த்து, தனக்குச் சர்க்கரை இருபது குறைவு என்று பூரித்துப் போனார். மருந்துக்கடை வாசலில் தூசி படிந்து கிடந்த எடைபார்க்கும் இயந்திரத்துக்கு வரிசை நின்றது. பாதிப்பேர் வேட்பாளரோடு தங்களை ஒப்பிட்டுப் பார்த்து, நாமும் தேர்தலில் நின்றிருக்கலாமே என்று நினைக்கிற அளவுக்கு உற்சாகம்.

மைக்கக்கா இதை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த ஒயர்ச் சுருள் நழுவிக் கீழே விழுந்தது.

அவளுக்கு நாற்பத்துநாலு வயது. இந்த நகரத்தில் யார் எங்கே மேடை போட்டாலும் மைக் அவளுடையதுதான். கல்யாணமாகி வந்தபோது மைக்செட் கடை அவள் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருடைய இடது காது முப்பது வயதில் ராஜினாமா செய்துவிட்டது. அதன்பிறகு வேன் ஓட்டுவது, கம்பத்தில் ஏறுவது, ஸ்பீக்கரை இழுத்துக் கட்டுவது அவர் பாடு. கேட்கிற வேலையெல்லாம் அவள் பாடு. பொம்பளைக்கு மைக்கைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் வாயைக் கோணியவர்கள், இப்போது அவளுக்குத் தேதி ஒழிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கே நாள் குறிக்கிறார்கள்.

அவள் வேலை செய்கிற விதம் இதுதான். மேடைக்கு எதிரே ஒரு மேஜை, அதன்மேல் மிக்ஸர் பெட்டி. அதில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தள்ளுபொத்தான், பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்துவரை கோடுகள். மேலே தள்ளினால் சத்தம் கூடும். அளவுக்கு மீறித் தள்ளினால் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கிவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச்சாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு தேய்ந்தால் விரல் தானாக மேலே போகும், யாராவது கத்தினால் தானாகக் கீழே வரும். கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். ஆளுக்கு ஒரு பக்கம். வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை விரல் தூரம், எத்தனையாவது கோடு, கடைசி வரிசைக்குக் கேட்டதா. அடுத்த தடவை அதே ஆள் வரும்போது திண்டாட வேண்டாம் பாருங்கள்.

இந்தத் தேர்தலில் இரண்டு பேருக்குமே அவள்தான் மைக். காலையில் ஜவுளிக்கடைக்காரர், மாலையில் டீச்சர். ஒரு மேடையில் காதில் விழுந்தது இன்னொரு மேடைக்குப் போகாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவள் மனசு எந்தப் பக்கம் என்பதும் ஊருக்கே தெரியும். முன்பெல்லாம் மழை பெய்தால் அவள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்பீக்கர் பெட்டிகளைச் செங்கல் அடுக்கித் தூக்கிவைத்துவிட்டு ராத்திரியெல்லாம் காவல் இருப்பார்கள். டீச்சர் வார்டு உறுப்பினர் ஆன வருஷம், அந்தத் தண்ணீரில் மூன்று நாள் வந்து நின்று, நின்ற இடத்திலிருந்தே அதிகாரிகளுக்குப் போன் போட்டு, கால்வாய் வெட்டவைத்தார். தேர்தலில் நிற்கப் பள்ளிக்கூட வேலையை விட்டும் ஊருக்கு அவர் டீச்சர்தான். மைக்கக்காவைப் பொறுத்தவரை அவர் நிற்கிற தேர்தலில் இன்னொருவர் நிற்பதே அதிகப்பிரசங்கித்தனம்.

ஆகவே பேனரைப் பார்த்த அன்றைக்கு வேனுக்குள் புருஷன் பெண்டாட்டி சண்டை. வீட்டுக்காரர் ஜவுளிக்கடைக்காரர் பக்கம் பேசினார். "பஸ் ஓட்டுறவனுக்கு வருஷா வருஷம் கண் டெஸ்ட் எடுக்குறாங்க. ஊரையே ஓட்டப்போறவங்களுக்கு ஒரு டெஸ்ட் வேண்டாமா?"

"அப்போ உங்க மூல வியாதியை வண்டி மேல எழுதி ஒட்டட்டுமா? நீங்களும் வண்டிதானே ஓட்டுறீங்க?" என்றாள் அவள். வீட்டுக்காரர் அதன்பிறகு கியரை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை டீச்சர் மேடையில் பதில் சொன்னார். அறுபத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. "என் வேலையைத் தோண்டிப் பாருங்க. பதினஞ்சு வருஷமா நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தீர்மானத்தையும் எடுத்துப் படிச்சுக் கேள்வி கேளுங்க. என் ரத்தத்தைத் தோண்டாதீங்க. அது என்னோடது."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. குரல் கணீரென்று பக்கத்துத் தெருவரை போய்த் திரும்பியது. மைக்கக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டீர்களா என்று புருவத்தை உயர்த்திவிட்டு, சந்தோஷமாக நோட்டைத் திறந்து டீச்சரின் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். நாலு விரல். எட்டாம் கோடு. கடைசி வரிசைக்குக் கேட்டது.

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

எட்டா? அதே வரிசையில் கண்ணை மேலே ஓட்டினாள். பிரச்சாரம் தொடங்கிய அன்று ஐந்து. மறுநாளும் ஐந்து. அப்புறம் ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை. மூன்று வாரத்தில் ஒவ்வொரு படியாக ஏறி எட்டில் வந்து நின்றிருந்தது. அதே மைக், அதே நாலு விரல். ஜவுளிக்கடைக்காரரின் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்து, ஐந்து, ஐந்து, ஒருநாள் கத்தியதால் நாலரை, மறுபடி ஐந்து. அப்படியென்றால் இவ்வளவு நாளும் டீச்சரின் குரல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இறங்க இறங்க இவள் விரல் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வேணுமென்று செய்யவில்லை. விரலுக்கு அதுதான் பழக்கம்.

தொண்டை கட்டியிருக்கும், தினம் நாலு மேடை பேசினால் யாருக்குத்தான் கட்டாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் ஹெட்போன் பொய் சொல்லாது. முதல் வாரம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு இழுத்தவர், இப்போது மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு இழுக்கிறார். மைதானத்தில் யாருக்கும் கேட்காத அந்த மூச்சு இவள் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த கூட்டங்களில் வேண்டுமென்றே கவனித்தாள். எட்டு. எட்டு. எட்டரை. ஒன்பதில் ஸ்பீக்கர் கத்தும்.

யாரிடம் சொல்வது? மேடையில் கேட்டதை வெளியே சொன்னால் அவள் மைக்கக்காவே இல்லை. சொல்லாவிட்டால், நாற்பதாயிரம் பேர் கேட்டுக் கைதட்டுகிற அந்தக் குரலில் பாதி டீச்சருடையது, மீதி இவளுடைய விரலுடையது. ரத்தத்தைத் தோண்டாதீர்கள் என்று டீச்சர் சொன்னபோது துள்ளிக் குதித்தவளுக்கு, இப்போது அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. மறைத்தது யார் என்று பார்த்தால் அவளேதான்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் மாலை, பள்ளி மைதானத்தில் இரண்டு வேட்பாளரும் ஒரே மேடையில் பேசுவதாக ஏற்பாடு. முதல் கேள்வியை முன்கூட்டியே நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள்: வேட்பாளரின் உடல்நிலையை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. சலூனில், பஸ் நிறுத்தத்தில், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையால் ஜாடை காட்டி அபிப்பிராயம் சொன்னார்கள்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் மைக் சோதனைக்கு டீச்சரைத் தனியாக வரச்சொன்னாள் மைக்கக்கா. மைதானம் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் தூரத்தில் கம்பத்தின்மேல் இருந்தார். டீச்சர் மேடைக்கு நாலு படி ஏற வேண்டும். இரண்டாவது படியில் நின்று, மரத்தில் ஏதோ பறவையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மீதி இரண்டு படி ஏறினார். மரத்தில் பறவை ஒன்றும் இல்லை.

மைக்கக்கா ஒரு முடிவோடுதான் இருந்தாள். பேசுகிறவரின் காலடியில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பார்கள், அவர் குரல் அவருக்குக் கேட்பதற்காக. அதன் ஒயரைப் பிடுங்கினாள். மிக்ஸரில் டீச்சரின் பொத்தானை ஐந்துக்கு இறக்கினாள். பேசச்சொல்லிக் கையசைத்தாள்.

டீச்சர் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு மைக்கைத் தட்டிப் பார்த்தார். "மைக்கை இன்னும் போடலையாம்மா?"

"போட்டிருக்கேன் டீச்சர். இதுதான் உங்க குரல்."

டீச்சர் கீழே இறங்கி வந்தார். மைக்கக்கா நோட்டைத் திறந்து நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய கண், ஐந்திலிருந்து எட்டரைவரை ஒரே மூச்சில் இறங்கியது. முதலில் கோபம்தான் வந்தது. என் குரலை ஏற்றச்சொல்லி உன்னிடம் யார் கேட்டது என்று சீறினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"மேடையில எனக்கே நல்லா கேட்டுச்சேம்மா."

"உங்க காலடியில இருந்த பெட்டியையும் நான்தான் ஏத்திக்கிட்டே வந்தேன்."

டீச்சர் நோட்டில் ஐந்தின்மேல் விரலை வைத்து எட்டரைவரை மறுபடி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். படுத்தால் தலையணை இரண்டு வேண்டியிருக்கிறது. தங்கை டாக்டரிடம் போகச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். "மேடைக்கு வந்து பேசுனா கணீர்னு கேக்குது. உடம்புல ஏதாவது இருந்தா இந்தக் குரல் வருமான்னு நெனச்சேன். அதை நம்பித்தான் போகல."

ஊரை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் மைக்கக்கா இத்தனை நாள் மருகிக்கொண்டிருந்தாள். டீச்சரையே ஏமாற்றியிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அந்த மனுஷியின் உடம்பு அவருக்குச் சொன்ன சேதியை இவள் விரல் அழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

டீச்சர் நோட்டை மூடினார். "நாளைக்கு ஒருநாள்தானே. எட்டரையிலயே வச்சிடு. ஓட்டுப் பதிவு முடிஞ்ச மறுநாளே டாக்டர்கிட்ட போறேன்."

சரி டீச்சர் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு கூட்டம். யாருக்குத் தெரியப்போகிறது? டீச்சர் ஜெயிப்பார், அவள் தெருவைப்போல ஊரில் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வடியும். மைக்கக்கா அந்த வார்த்தையை விழுங்கினாள்.

"எட்டரையில வைக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க டீச்சர். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஆனா என் விரல் இனிமே அங்க போகாது."

பதினஞ்சு வருஷத்தில் டீச்சரை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது. டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் எழுந்து, கம்பத்தின்மேல் இருந்த வீட்டுக்காரரை நோக்கிக் கை தட்டினார். "இறங்குப்பா. வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வீட்டுக்காரர் அந்த வேனை அப்படி ஓட்டி அவளே பார்த்ததில்லை. உள்ளே ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நடுவில் ஒயர்ச் சுருள்மேல் டீச்சர். மாலைக் கூட்டத்துக்காக வேனில் ஒட்டியிருந்த டீச்சரின் போஸ்டரைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் கையாட்டினார்கள், அவரும் ஜன்னல் வழியாகச் சளைக்காமல் கையாட்டிக்கொண்டே போனார். இதய டாக்டர் ஒரு மணி நேரம் சோதித்தார். வெளியே வந்த டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், இன்னும் பத்து நாள் இப்படியே விட்டிருந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் மனைவியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். வெளியே சொன்னால் டீச்சர் தோற்றுவிடுவார், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்றார். "நீங்கதானே பஸ் ஓட்டுறவனுக்குக் கண் டெஸ்ட்னு சொன்னீங்க?" என்றாள் அவள். அது வேறு, இது நம்ம டீச்சர் என்று அவர் முணுமுணுத்தார். அவளுக்கும் உள்ளுக்குள் அதேதான் இருந்தது. டீச்சர் மட்டும் வேனில் ஏறும்போது தெளிவாகச் சொன்னார்: நாளைக்கு ஜவுளிக்கடைக்காரருக்கும் எனக்கும் ஒரே கோடு.

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. மதில்மேலும் ஆள், மரத்தின்மேலும் ஆள். மைக்கக்காவின் இதயம் ஹெட்போனுக்குள்ளேயே அடித்தது. இரண்டு பொத்தானையும் ஐந்தில் வைத்து, அவை நகராமல் குறுக்கே ஒரு டேப்பையும் ஒட்டினாள். முதலில் ஜவுளிக்கடைக்காரர் பேசினார். தன் பேனரை வரிவரியாக விளக்கினார். கொழுப்புக்கு ஒரு கைதட்டல், எடைக்கு ஒரு கைதட்டல். பிறகு டீச்சர் எழுந்தார்.

இரண்டு வாக்கியம் போயிருக்கும். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "கேக்கல." இன்னொன்று: "சத்தத்தை வைங்க." கேக்கல, கேக்கல என்று நாலா பக்கமும் கிளம்பிவிட்டது. இருபது வருஷத்தில் மைக்கக்காவைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. விரல் துடித்தது. டேப்பைப் பிய்த்து ஒரே தள்ளு தள்ளினால் போதும். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது பின்னால் ஒரு ஆள் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் ஒரு வரிசை மொத்தமும். மதிலிலிருந்து குதித்தார்கள், மரத்திலிருந்து இறங்கினார்கள். மைதானத்தின் பின்பாதி காலியாகி முன்பாதி நெருக்கியடித்துக்கொண்டது. மிக்ஸர் மேஜையைச் சுற்றி ஆள். இருமுகிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

"என் இதயத்துல ஒரு வால்வு கசியுது," என்றார் டீச்சர். "நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. சீக்கிரம் ஆபரேஷன். ஜெயிச்சாலும் ரெண்டு மாசம் நாற்காலியில உக்கார முடியாது. அந்த ரெண்டு மாசம் யார் பாத்துப்பாங்கன்னு சொல்லிட்டுத்தான் இறங்குவேன்."

நின்று மூச்சு வாங்கினார். அந்த மூச்சு இன்றைக்கு எல்லாருக்கும் கேட்டது.

"என் உடம்பு என்னோடதுன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். என் வாயில எத்தனை பல்லு கட்டின பல்லுன்னு உங்களுக்குத் தேவையில்லை. ஆனா அந்த நாற்காலி உங்களோடது. அதுல ஆள் இருக்குமா இருக்காதான்னு தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க."

அப்புறம் வந்த கைதட்டலில் மைக்கக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். ஜவுளிக்கடைக்காரர் எழுந்து தன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து டீச்சரிடம் கொடுத்தார். சர்க்கரை அளவைப் பற்றி அன்றைக்கு அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஓட்டு எண்ணுகிற இடத்தில் அறிவிப்புக்கும் மைக் அவளுடையதுதான். முதல் சுற்றில் டீச்சர் முந்நூறு முன்னால், இரண்டாவதில் நூறு பின்னால், மூன்றாவதில் மறுபடி முன்னால். வீட்டுக்காரர் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டார். கடைசிச் சுற்றை அறிவித்த அதிகாரியின் குரலுக்கும் விரலை ஐந்தைவிட்டு நகர்த்தாமல் கேட்டாள். தொண்ணூற்று நாலு ஓட்டில் டீச்சர் தோற்றிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டீச்சரின் தங்கை எடுத்துக் கொடுத்தார். சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் மைக்கக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் டீச்சரே கேட்டார்.

"எட்டரையில வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன், இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"அடுத்த வாரம் எனக்கு மாலை போட வந்திருப்பீங்க. நாற்காலிக்கா, பாடைக்கான்னு டாக்டரைத்தான் கேக்கணும். அழாதே, எனக்கு நாளைக்கு ஆபரேஷன். உன் கை ராசியான கை. வந்து கொஞ்சம் பக்கத்துல உக்காரு."

போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். நன்றி சொல்ல ஜவுளிக்கடைக்காரர் மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஏறும்போது இவள் பக்கம் திரும்பி, டீச்சருக்கு வைத்த அதே கோட்டிலேயே தனக்கும் வைக்கச்சொன்னார். வைத்தாள். அவர் பேசி முடித்ததும் எழுதிவைக்க நோட்டை எடுத்தாள். டீச்சரின் பக்கம் திறந்துகொண்டது. பள்ளி மைதானத்துக் கூட்டத்தைப் பதட்டத்தில் எழுத மறந்துபோயிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுதினாள். நாலு விரல். ஐந்தாம் கோடு. கடைசி வரிசைக்குக் கேட்டதா என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கடைசி வரிசையே இல்லை, எல்லாரும் முன்னால் வந்துவிட்டார்கள் என்று எழுதி மூடினாள்.